ஏற்ற இறக்கமுள்ள நாட்பட்ட நோய்களும் உடல்நல வினாப்பட்டியல்களின் வரம்புகளும்

ஏற்ற இறக்கமுள்ள நாட்பட்ட நோய் என்பது பல மாதங்களோ ஆண்டுகளோ நீடிப்பதுடன், அதன் கடுமை நாளுக்கு நாள், சில வேளைகளில் ஒரே நாளில் மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கும் நோயைக் குறிக்கும். முடக்கு வாதம், லூபஸ், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கிரோன் நோய், ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா, பார்க்கின்சன் நோய், அரிவாள் செல் சோகை, நாட்பட்ட களைப்பு நோய் எனப்படும் மயால்ஜிக் என்செபலோமைலிட்டிஸ், கோவிட் தொற்றுக்குப் பின் நீடிக்கும் நெடுங்கோவிட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இந்நோயாளர்களில் பலர் திங்கட்கிழமை கடைக்கு நடந்து சென்று வருவர். புதன்கிழமை படுக்கையிலிருந்து எழ மாட்டார்கள். இரண்டும் உண்மையே.

இவர்களது உடல்நிலையை அளப்பதற்கு மருத்துவமனைகளும் ஆய்வாளர்களும் அரசு அலுவலகங்களும் பெரும்பாலும் வினாப்பட்டியல்களையே நம்பியுள்ளன. இரத்த அழுத்தம் போலவோ சர்க்கரை அளவு போலவோ வலியையும் களைப்பையும் கருவி கொண்டு அளக்க இயலாது என்பதால் நோயாளரிடமே கேட்டாக வேண்டும். கேட்பதில் தவறில்லை. ஆனால் அவ்வினாக்களில் பல, உடல்நிலை ஒரே சீராக இருக்கும் ஒருவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நிலையற்ற ஒன்றை நிலையான எண்ணாக மாற்றும்போது என்ன இழக்கப்படுகிறது, அந்த இழப்பு யாரைப் பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வினாப்பட்டியல்கள் தோன்றிய பின்னணி

1970களுக்கு முன்னர் ஒரு சிகிச்சை பலித்ததா என்பதை மருத்துவரே தீர்மானித்தார். நோயாளர் பிழைத்தாரா, காய்ச்சல் இறங்கியதா, எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிகிறதா என்பவையே கேள்விகளாக இருந்தன. நோயாளர் எப்படி உணர்கிறார், அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்பதையும் முறையாகக் கேட்க வேண்டும் என்ற கருத்து பின்னரே வலுப்பெற்றது. அவ்வகையில் வினாப்பட்டியல்களின் வருகை நோயாளர் பக்கம் எடுத்து வைக்கப்பட்ட ஓர் அடி என்பதை மறக்கக் கூடாது.

1980இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் மூட்டுவாத நோயாளர்களுக்காக எச்.ஏ.க்யூ என்னும் வினாப்பட்டியலை வெளியிட்டனர். 1992இல் ஜான் வேர், கேத்தி ஷெர்போர்ன் ஆகியோர் எஸ்.எஃப்-36 வினாப்பட்டியலை வெளியிட்டனர். 36 வினாக்கள் கொண்ட இது உலகில் மிகுதியாகப் பயன்படும் உடல்நல வினாப்பட்டியல்களில் ஒன்று. ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய யூரோகோல் குழு ஈ.க்யூ-5டி என்ற குறும்பட்டியலை உருவாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாப்பட்டியலை உருவாக்குவதில் பங்கேற்ற 15 மையங்களுள் சென்னையும் ஒன்று.

எந்தக் காலத்தைப் பற்றிய கேள்வி?

ஒவ்வொரு வினாப்பட்டியலும் ஒரு கால எல்லையை வைத்துக்கொள்கிறது. ஈ.க்யூ-5டி "இன்று" உங்கள் உடல்நிலை எப்படி என்று கேட்கிறது. எச்.ஏ.க்யூ கடந்த ஒரு வாரத்தைக் கேட்கிறது. எஸ்.எஃப்-36இன் பல வினாக்கள் கடந்த நான்கு வாரங்களைப் பற்றியவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஊனமதிப்பீட்டுப் பட்டியல் கடந்த 30 நாட்களைக் கேட்கிறது. நிலையான உடல்நிலை உள்ளவருக்கு இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் விடை ஏறத்தாழ ஒன்றே. ஏற்ற இறக்கமுள்ளவருக்கு ஒவ்வொன்றும் வேறொரு மனிதரைக் காட்டும்.

"இன்று" என்ற எல்லைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவானதே. பலரிடம், எந்த நாள் என்று பாராமல் கேட்டால், சிலர் நல்ல நாளிலும் சிலர் கெட்ட நாளிலும் விடையளிப்பர். குழுவின் சராசரி சரியாக வந்துவிடும் என்பது அவ்வாதம். புள்ளியியல்படி இது உண்மை. ஆனால் நாள் எந்தச் சார்பும் இன்றித் தேர்ந்தெடுக்கப்பட்டால் மட்டுமே உண்மை. நோயாளர் மருத்துவமனைக்கு வரும் நாள் அப்படிப்பட்டதன்று. வர முடிந்த நாளில்தான் வருகிறார். பேருந்தில் ஏறி, வரிசையில் காத்திருந்து, படிவத்தை நிரப்பும் அளவுக்குத் தெம்பு இருந்த நாள் அது. படுத்த படுக்கையாக இருந்த நாளில் சந்திப்பை ரத்து செய்திருப்பார். அந்த நாள் எந்தப் பதிவிலும் ஏறாது. அஞ்சலில் அனுப்பப்படும் படிவத்துக்கும் இது பொருந்தும். மேசையில் கிடக்கும் படிவத்தை எடுத்து எழுதும் நாள், எழுத முடிந்த நாளே.

ஒரே நாளுக்குள்ளும் இச்சிக்கல் உண்டு. முடக்கு வாதத்தில் காலை விறைப்பு நன்கு அறியப்பட்ட அறிகுறி. காலை ஏழு மணிக்குச் சட்டைப் பொத்தானைப் போட முடியாத விரல்கள் பதினொரு மணிக்குப் போட்டுவிடும். "உங்களால் ஆடை அணிய முடிகிறதா" என்ற வினாவுக்கு அவர் என்ன விடை எழுதுவார்? பார்க்கின்சன் நோயில் மருந்து வேலை செய்யும் வேளைக்கும் அதன் வீரியம் குறைந்த வேளைக்கும் இடையிலான வேறுபாடு இதைவிடப் பெரிது.

எஸ்.எஃப்-36இன் உடலியக்கப் பகுதி இன்னொரு சொல்லைப் பயன்படுத்துகிறது. வழக்கமான ஒரு நாளில் நீங்கள் செய்யக்கூடிய செயல்கள் எனத் தொடங்கி, மாடிப்படி ஏறுதல், குனிதல், ஒரு மைலுக்கு மேல் நடத்தல், குளித்தல், உடுத்தல் என்று 10 செயல்களை அது பட்டியலிடுகிறது. ஒவ்வொன்றிலும் மிகவும் கட்டுப்படுத்துகிறது, சற்றுக் கட்டுப்படுத்துகிறது, கட்டுப்படுத்தவே இல்லை என்ற மூன்று விடைகளே உண்டு. ஏற்ற இறக்கமுள்ள நோயாளரிடம் இல்லாத ஒன்று இருக்குமானால் அது இந்த "வழக்கமான நாள்"தான். அவர் மூன்று விடைகளில் நடுவிலுள்ளதைத் தேர்ந்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறார். எப்போதும் சற்றுச் சிரமப்படும் ஒருவரும், பாதி நாள் ஓடியாடி மறுபாதி நாள் முடங்கிக் கிடக்கும் ஒருவரும் இவ்வாறு ஒரே மதிப்பெண்ணைப் பெறுகின்றனர்.

சராசரி மறைப்பது

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காணலாம். ஒரு பெண் 30 நாட்களில் 12 நாட்கள் ஒரு கிலோமீட்டர் நடக்கிறார். 10 நாட்கள் 150 மீட்டர் நடந்ததும் நின்றுவிடுகிறார். மீதி 8 நாட்கள் படுக்கையிலேயே கழிகின்றன. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 13,500 மீட்டர். சராசரி நாளொன்றுக்கு 450 மீட்டர். அந்த மாதத்தின் எந்த ஒரு நாளிலும் அவர் 450 மீட்டர் நடக்கவில்லை. அவரை வேலைக்கு எடுக்கும் ஒருவருக்கோ, அவருடைய வீட்டில் சமைத்துப் போடும் ஒருவருக்கோ இந்த எண்ணால் பயனில்லை. அவர்கள் அறிய வேண்டியது, எத்தனை நாள் படுத்துவிடுவார், அது முன்கூட்டியே தெரியுமா என்பதையே.

உலக சுகாதார நிறுவனத்தின் ஊனமதிப்பீட்டுப் பட்டியல், நல்ல நாட்களையும் கெட்ட நாட்களையும் சராசரியாக்கிக்கொண்டு விடையளிக்குமாறு வெளிப்படையாகவே சொல்கிறது. சிக்கல் இருப்பதை ஒப்புக்கொண்ட அளவில் இது நேர்மையானது. அதே பட்டியலின் இறுதியில், இந்தச் சிரமங்கள் எத்தனை நாட்கள் இருந்தன, எத்தனை நாட்கள் வேலை எதுவுமே செய்ய முடியவில்லை என்ற நாள்கணக்கு வினாக்களும் உள்ளன. என் பார்வையில் அப்பட்டியலின் மிகப் பயனுள்ள பகுதி அதுவே.

முன்னறிய முடியாமை என்பது தனியாக ஒரு சுமை. நாளை எப்படி இருப்போம் என்று தெரியாதவர் திருமணத்துக்கு வருவதாக வாக்களிக்கவோ தேர்வுக்குப் பணம் கட்டவோ தயங்குவார். பெரும்பாலான வினாப்பட்டியல்களில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நினைவின் குறுக்கீடு

நான்கு வாரங்களைச் சராசரியாக்கச் சொல்லும்போது நாம் நோயாளரின் உடலை அளக்கவில்லை. அவரது நினைவை அளக்கிறோம். டேனியல் கானெமனும் டொனால்ட் ரெடெல்மையரும் 1996இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு உட்பட்டவர்கள் சோதனை நடக்கும்போதே நிமிடத்துக்கு ஒருமுறை வலியை மதிப்பிட்டனர். பின்னர் மொத்த வலியை நினைவுகூர்ந்து மதிப்பிட்டனர். நினைவில் நின்ற வலி, உச்ச கட்ட வலியையும் கடைசி நிமிடங்களின் வலியையும் ஒட்டியே இருந்தது. வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கு அதில் பெரிய இடமில்லை. நான்கு வாரங்களில் ஒரு கொடிய நாளும் ஒரு நல்ல முடிவும் இருந்தால் விடை அவற்றின் பக்கம் சாயும்.

நாட்குறிப்பு எழுதச் சொன்னால் இது தீரும் என்று தோன்றலாம். ஆர்தர் ஸ்டோன் குழுவினர் 2002இல் அதையும் சோதித்தனர். நாட்பட்ட வலியுள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்குக் காகித நாட்குறிப்பும் மற்றவர்களுக்கு மின்னணுக் கருவியும் கொடுக்கப்பட்டன. காகித நாட்குறிப்பின் உறைக்குள், அது எப்போது திறக்கப்படுகிறது என்பதைப் பதியும் ஒளியுணரி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. குறித்த நேரத்தில் எழுதியதாக நாட்குறிப்புகள் காட்டியது 90 விழுக்காடு. உணரி காட்டியது 11 விழுக்காடு. பலர் பல நாள் பதிவுகளை ஒரே அமர்வில் எழுதி முடித்திருந்தனர். நேரத்தைத் தானே பதியும் மின்னணுக் கருவி பெற்றவர்களில் ஒழுங்கு 94 விழுக்காடாக இருந்தது. இதை நோயாளரின் நேர்மைக் குறைவாக எடுத்துக்கொள்வது தவறு. உடல் தளர்ந்த நாளில் நாட்குறிப்பு கைக்கு எட்டாது என்பதும் அதில் அடங்கியுள்ளது.

செய்ய முடியும் என்பதும் அதன் விலையும்

நாட்பட்ட களைப்பு நோயின் தனி அடையாளம், உழைப்புக்குப் பிந்திய நலிவு. உடலாலோ மூளையாலோ சிறிது உழைத்தாலும் சில மணி நேரம் கழித்து அல்லது மறுநாள் அறிகுறிகள் எல்லாம் கூர்மையடைகின்றன. அது நாட்கணக்கிலும் சிலரிடம் வாரக்கணக்கிலும் நீடிக்கும். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2015இல் வெளியிட்ட நோயறி அளவுகோல் இதைக் கட்டாய அறிகுறியாகச் சேர்த்தது. அறிகுறி குறைந்தது பாதி நேரமாவது, நடுத்தர அளவுக்குக் குறையாத கடுமையுடன் இருக்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது.

இந்நோய் உள்ளவரிடம் "உங்களால் மாடிப்படி ஏற முடியுமா" என்று கேட்டால் "முடியும்" என்பது சரியான விடை. ஏறிய மறுநாள் என்ன ஆயிற்று என்பதுதான் கேட்கப்படாத வினா. செயலுக்கும் விளைவுக்கும் இடையில் ஓர் இரவு இருப்பதால், செயலை மட்டும் பார்க்கும் வினாப்பட்டியல் விளைவைக் காண்பதில்லை. மருத்துவர் முன் நடந்து காட்டும் சோதனையும் அப்படித்தான். இரண்டு அடுத்தடுத்த நாட்களில் உடற்பயிற்சிச் சோதனை செய்து, இரண்டாம் நாள் திறன் வீழ்கிறதா என்று பார்க்கும் முறை உண்டு. ஆனால் அச்சோதனையே நோயாளரை மோசமாக்கக் கூடும் என்பதால் எல்லோருக்கும் செய்ய இயலாது.

லூபஸ் நோயாளரான அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டின் மிசராண்டினோ 2003இல் எழுதிய கட்டுரையில் இதை உணவகக் கரண்டிகளைக் கொண்டு விளக்கினார். நாளின் தொடக்கத்தில் கையில் உள்ள கரண்டிகள் எண்ணிக்கையில் அடங்கியவை. குளிக்க ஒன்று, உடுக்க ஒன்று, பேருந்தைப் பிடிக்க ஒன்று எனச் செலவாகிக்கொண்டே வரும். ஒரு செயலைச் செய்ய முடியுமா என்று தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் "முடியும்" என்றே விடை வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியுமா என்று கேட்டால்தான் உண்மை தெரியும். வினாப்பட்டியலோ செயல்களை ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக வரிசைப்படுத்துகிறது.

இதனுடன் தொடர்புடைய இன்னொரு பொறி உள்ளது. அனுபவமுள்ள நோயாளர் தம் எல்லைக்குள் வாழக் கற்றுக்கொள்கிறார். படியேறுவதைத் தவிர்க்கிறார், வேலையை விட்டுவிடுகிறார், விருந்தினரை அழைப்பதில்லை. அதனால் அறிகுறிகள் குறைகின்றன, மதிப்பெண் மேம்படுகிறது. நோய் அப்படியே இருக்க, வாழ்க்கை சுருங்கியதை வினாப்பட்டியல் முன்னேற்றமாகப் பதிவு செய்கிறது. காலப்போக்கில் "நலம்" என்ற சொல்லுக்கே அவர் வைத்திருக்கும் அளவுகோல் மாறிவிடுவதும் உண்டு. இதை ஆய்வாளர்கள் விடை நகர்வு என்பர். பத்தாண்டுகளாக நோயுற்றிருப்பவர் "நன்றாக இருக்கிறேன்" என்று எழுதும்போது, நோய் வருவதற்கு முன் அதே சொல்லால் குறித்ததை அவர் குறிக்கவில்லை.

பேஸ் ஆய்வு

மதிப்பெண்களின் வரம்புகள் மருத்துவ நடைமுறையையே எப்படிப் பாதிக்கும் என்பதற்கு பிரித்தானியாவில் நடந்த பேஸ் ஆய்வு பெரிதும் விவாதிக்கப்பட்ட எடுத்துக்காட்டு. நாட்பட்ட களைப்பு நோயுள்ள 641 பேர் பங்கேற்ற இதன் முடிவுகள் 2011இல் லான்செட் இதழில் வெளியாயின. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சியும் மற்ற இரு முறைகளைவிட மேலானவை என அது அறிவித்தது. முதன்மை அளவைகள் இரண்டும் வினாப்பட்டியல்களே: எஸ்.எஃப்-36இன் உடலியக்கப் பகுதியும் சால்டர் களைப்பு அளவையும்.

எஸ்.எஃப்-36இல் 10 செயல்களின் விடைகள் 0 முதல் 100 வரையிலான எண்ணாக மாற்றப்படுகின்றன. ஒரு விடை ஒரு படி மாறினால் எண் 5 மாறும். ஆய்வில் சேர்வதற்கு மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தில் குணமடைந்தவர் எனக் கொள்ள 85 தேவை என முதலில் வகுக்கப்பட்டிருந்தது. வெளியான கட்டுரைகளிலோ 60ஐ எட்டினாலே இயல்பு எல்லை எனக் கொள்ளப்பட்டது. ஒருவர் 65உடன் நோயாளராகச் சேர்ந்து, ஒரு படி மோசமாகி 60க்கு இறங்கினாலும் இந்த அளவையில் இயல்பானவராகக் கணக்கிடப்படுவார். மக்கள்தொகைச் சராசரி 84இலிருந்து திட்டவிலக்கம் 24ஐக் கழித்து இந்த 60 பெறப்பட்டது. அந்த மக்கள்தொகைத் தரவில் முதியோரும் நோயுற்றோரும் அடக்கம். பெரும்பாலானோர் 100ஐ ஒட்டித் திரளும் ஓர் அளவையில் இத்தகைய கழித்தல் பொருளற்றது என விமர்சகர்கள் சுட்டினர். பங்கேற்றவர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் ஆய்வு தொடங்கும் முன்னரே இரண்டு அளவைகளில் ஒன்றில் இயல்பு எல்லைக்குள் இருந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது.

சால்டர் அளவையின் சிக்கல் வேறு. அது 11 அறிகுறிகளை வழக்கத்தைவிடக் குறைவு, வழக்கம்போல், வழக்கத்தைவிட அதிகம், மிக அதிகம் என்ற நான்கு விடைகளால் மதிப்பிடச் செய்கிறது. பல ஆண்டுகள் நோயுற்றவருக்கு எது வழக்கம்? கடைசியாக நலமாக இருந்த காலத்தோடு ஒப்பிடுமாறு குறிப்பு இருந்தாலும், எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. மேலும் கடும் நோயாளர்கள் தொடக்கத்திலேயே உச்ச மதிப்பெண்ணை எட்டிவிடுவதால், அதன்பின் அவர்கள் மோசமானாலும் எண்ணில் காட்ட இடமில்லை.

எந்தச் சிகிச்சை பெறுகிறோம் என்பது பங்கேற்பாளர்களுக்குத் தெரிந்திருந்த ஆய்வு இது. உங்கள் அறிகுறிகளை வேறுவிதமாக நோக்குங்கள் என்று கற்பிக்கும் சிகிச்சைக்குப் பின், அறிகுறி எப்படி என்று கேட்டால் விடை மாறுவது வியப்பன்று. புறநிலையான அளவுகளில் மாற்றம் சிறிதாகவே இருந்தது. உடற்பயிற்சிக் குழுவினர் ஓராண்டு முடிவில் ஆறு நிமிடங்களில் சராசரியாக 379 மீட்டர் நடந்தனர். உடல்நலமுள்ள நடுவயதினர் பொதுவாக 500 மீட்டரைத் தாண்டுவர். உடலசைவைப் பதியும் கருவியை முடிவில் அணியச் செய்யும் திட்டம் முன்னரே கைவிடப்பட்டிருந்தது. நெதர்லாந்தில் நடந்த மூன்று ஆய்வுகளின் தரவை 2010இல் மீண்டும் ஆராய்ந்தபோது, நடத்தைச் சிகிச்சைக்குப் பின் களைப்பு மதிப்பெண் குறைந்திருந்தும் உடலசைவு கூடவில்லை எனத் தெரிந்தது.

ஆஸ்திரேலிய நோயாளர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பேஸ் ஆய்வின் தரவைக் கோரினார். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுக்கவே, 2016இல் தீர்ப்பாயம் அதை வெளியிட ஆணையிட்டது. ஆய்வாளர்கள் குணமடைந்தோராக அறிவித்த 22 விழுக்காடு, முதலில் வகுத்த அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டபோது ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியது. தங்கள் மாற்றங்கள் முறையானவையே என ஆய்வாளர்கள் வாதிட்டு வருகின்றனர். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2007இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைத்திருந்த படிப்படியான உடற்பயிற்சியை 2021 அக்டோபரில் வெளியிட்ட புதிய வழிகாட்டலில் நீக்கியது.

உதவித்தொகைப் படிவங்கள்

ஆய்வில் நிகழும் பிழை திருத்தப்பட ஆண்டுகள் ஆகும். உதவித்தொகைப் படிவத்தில் நிகழும் பிழை அடுத்த மாத வாடகையைத் தொடும். பிரித்தானியாவில் 2013 முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் சார்பின்மை உதவித்தொகை இதற்குச் சான்று. விண்ணப்பதாரர் தம் நிலையை விவரிக்கும் நீண்ட படிவத்தை வழக்கமாக ஒரு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் புள்ளிகள் உண்டு. நடமாட்டப் பகுதியில் 8 புள்ளி பெற்றால் அடிப்படைத் தொகை, 12 பெற்றால் உயர் தொகை.

ஏற்ற இறக்கத்தை இச்சட்டம் கண்டுகொள்ளாமல் விடவில்லை. 12 மாத காலத்தில் 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நாட்களில் எந்த நிலை பொருந்துகிறதோ அதற்கே புள்ளி என்பது விதி. ஒரு செயலைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், தேவைப்படும் போதெல்லாம் மீண்டும் மீண்டும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிந்தால்தான் முடியும் எனக் கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது. நியாயமான நேரம் என்பது நோயற்றவர் எடுக்கும் நேரத்தின் இரு மடங்குக்கு மேற்படாதது. இந்த நான்கு சொற்களும் நோயாளர்களுக்கு உண்மையான பாதுகாப்பு. ஆனால் அவற்றை அறியாத விண்ணப்பதாரர் "நடக்க முடியும்" என்று மட்டும் எழுதிவிட்டுத் தோற்றுப்போகிறார்.

மேலே கண்ட கற்பனைப் பெண்ணை இவ்விதிக்குள் வைத்துப் பார்ப்போம். ஆண்டு முழுதும் அவரது மாதங்கள் அப்படியே அமைவதாகக் கொள்வோம். 200 மீட்டருக்கு மேல் நடக்கும் 12 நாட்களுக்குப் புள்ளி 0. 150 மீட்டர் நடக்கும் 10 நாட்களுக்கு 4 புள்ளி. படுக்கையில் கழியும் 8 நாட்களுக்கு 12 புள்ளி. எந்த நிலையும் தனியே 50 விழுக்காட்டைத் தாண்டவில்லை. புள்ளி பெறும் இரு நிலைகளையும் கூட்டினால் 18 நாள், அதாவது 60 விழுக்காடு. அப்படிக் கூட்டித் தாண்டும்போது அவற்றுள் அதிக நாட்கள் பொருந்தும் நிலையே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே அவருக்குக் கிடைப்பது 4. எட்டு நாள் எழுந்திருக்கவே முடியாத அவருக்கு நடமாட்டத் தொகை இல்லை. எவரும் விதியை மீறவில்லை. விதிப்படியே இது நடக்கிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகியவை அவற்றுள் அடங்கும். பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்ற எல்லை உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் நோயில் வலி நெருக்கடி திடீரெனத் தாக்கி மருத்துவமனை வரை கொண்டுசெல்லும். இடைப்பட்ட நாட்களில் அதே இளைஞர் வேலைக்குப் போவதைக் காணலாம். அவரது குறைபாட்டை ஒற்றை விழுக்காட்டால் குறிப்பது, அலையின் உயரத்தை ஒரே புகைப்படத்தில் அளப்பதைப் போன்றது.

மொழியும் வழக்கமும்

எஸ்.எஃப்-36இல் மிதமான செயல்களுக்கு எடுத்துக்காட்டாக மேசையை நகர்த்துதல், வாக்யூம் கிளீனர் தள்ளுதல், பௌலிங், கோல்ஃப் விளையாடுதல் ஆகியவை தரப்பட்டுள்ளன. ஊருக்கு ஊர் மொழிபெயர்க்கும்போது இவற்றை மாற்றிக்கொள்ளலாம். குடத்தில் தண்ணீர் சுமப்பது, உட்கார்ந்து எழுவது என்று எழுதலாம். களைப்பைக் குறிக்கும் சொற்களில்தான் உண்மையான தொல்லை. தமிழில் அசதி, அலுப்பு, சோர்வு, களைப்பு, தளர்ச்சி, ஆயாசம் என்று பல சொற்கள் உண்டு. வேலை செய்து வந்த அலுப்பு தூங்கினால் போகும். நோயின் தளர்ச்சி தூங்கி எழுந்தாலும் போகாது. "சோர்வாக இருக்கிறீர்களா" என்ற வினாவைச் சிலர் மனச்சோர்வு பற்றியதாக எடுத்துக்கொள்வர். ஒரே வினா, கேட்கப்படுவது மூன்று.

மாற்று முயற்சிகள்

சிக்கலை உணர்ந்து உருவான கருவிகளும் உள்ளன. லெனார்ட் ஜேசன் குழுவினர் சிகாகோவிலுள்ள டிபால் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய வினாப்பட்டியல், ஒவ்வோர் அறிகுறியும் எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு கடுமையாக வருகிறது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது. அரிதாக வந்து ஆளையே சாய்க்கும் வலியும், எப்போதும் இருக்கும் இலேசான வலியும் இதில் வேறுபட்டுத் தெரியும். ஒற்றைத் தலைவலிக்கான மைடாஸ் வினாப்பட்டியல் கடுமையைச் சராசரியாக்கச் சொல்வதில்லை. மூன்று மாதங்களில் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, எத்தனை நாள் வீட்டு வேலை நின்றது என்று நாட்களை எண்ணச் சொல்கிறது. பார்க்கின்சன் நோய்க்கான ஹவுசர் நாட்குறிப்பில் ஒரு நாள் அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, மருந்து வேலை செய்த நேரமும் செய்யாத நேரமும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. கிரோன் நோய்க்கு 1976இலேயே உருவான அளவை ஏழு நாள் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டது.

கைப்பேசி வழியாக நாளில் சில முறை "இப்போது எப்படி" என்று கேட்கும் முறையும், கையில் அணியும் அசைவுமானியும் நினைவின் குறுக்கீட்டைக் குறைக்கின்றன. இவற்றுக்கும் விலை உண்டு. நாளுக்கு ஐந்து முறை விடையளிப்பதே சிலருக்கு ஒரு கரண்டி. அசைவுமானி எத்தனை அடி நடந்தார் என்று சொல்லும். நடக்க விரும்பியும் நடக்காமல் இருந்ததைச் சொல்லாது. மிகக் கடுமையாக நோயுற்றோர், ஒளியையும் ஒலியையும் தாங்காமல் இருட்டறையில் கிடப்போர், எந்த ஆய்விலும் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. அவர்களுக்கான எண் எந்த அட்டவணையிலும் காலியாகவே உள்ளது.

இதற்கிடையில் படிவத்தை நிரப்ப வேண்டிய நோயாளர்கள் தாமே சில வழிகளைக் கண்டுள்ளனர். நோயாளர் அமைப்புகள் அவர்களுக்குச் சொல்வது ஏறத்தாழ இதுதான்: நல்ல நாள், நடுத்தர நாள், கெட்ட நாள் மூன்றையும் தனித்தனியே விவரியுங்கள். மாதத்தில் ஒவ்வொன்றும் எத்தனை என்று எண் இடுங்கள். செய்ய முடிந்தது எது என்பதோடு, செய்தபின் எத்தனை நாள் படுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கட்டம் போதவில்லை என்றால் தனித்தாளில் எழுதிப் பெயருடன் இணையுங்கள். உதவித்தொகைப் படிவத்தில் இது பயன்படுகிறது, ஏனெனில் அங்கே ஒரு மனிதர் அதைப் படிக்கிறார். ஆய்வு வினாப்பட்டியலில் ஓரத்தில் எழுதப்படும் குறிப்பு கணினியில் ஏற்றப்படும்போது விடுபட்டுப்போகிறது. வட்டமிட்ட எண் மட்டும் உள்ளே செல்கிறது.